கையெழுத்துகள் படியேறிய நாள்

சலவைக்கடைக்குச் சீல் வைத்த ஒன்பதாம் நாள், பகல் பதினொரு மணிக்கு, வரி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் இருந்த கடைக்காரரின் கோப்பிலிருந்து கையெழுத்துகள் எல்லாம் கிளம்பி வெளியே போய்விட்டன. மொத்தம் இருநூற்று இருபத்தொன்பது. தாள்கள் இருந்தன, தேதிகள் இருந்தன, முத்திரைகள் இருந்தன. பெயர் இருந்த இடங்களில் மட்டும் வெறும் புள்ளிக்கோடு. அவை வரிசை கலையாமல் படியிறங்கியதையும், வாயிற்காவலர் கதவைத் திறந்துவிட்டதையும் அலுவலகத்து வருகைப் பதிவேட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

கடைக்காரர் அந்த நாட்டுக்கு வந்து அப்போது பத்தொன்பது வருடம். முதல் ஏழு வருடம் ஒரு ஓட்டலின் அடித்தளத்தில் படுக்கை விரிப்புகள் துவைத்தார். அந்தச் சேமிப்பில் இரண்டு பெரிய சலவை இயந்திரமும் ஓர் உலர்த்தியும் நீராவி இஸ்திரி மேசையும் வாங்கிச் சொந்தக் கடை போட்டார். அந்த ஊர்ப் பேச்சு அவருக்குச் சட்டை, கறை, வியாழக்கிழமை வாருங்கள் என்ற அளவுக்குத்தான் வரும். அவர் டிக்கெட் எடுத்து வரவழைத்து, கல்லூரிக் கட்டணமும் கட்டிப் படிக்கவைத்த தம்பிக்கோ அந்த மொழி தண்ணீர் பட்ட பாடு. அதனால் கடிதம், கணக்கு, வரி எல்லாம் தம்பியின் பொறுப்பு. தன் சார்பில் தம்பி செயல்படலாம் என்று முதல் வருடமே பதினோரு தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு எதிலும் போடச் சொல்லித் தம்பி கேட்கவில்லை. வருடா வருடம் வரிக்கான பணத்தை உறையில் வைத்துக் கொடுப்பார். "கட்டியாச்சுண்ணே" என்பான் தம்பி. ரசீது எங்கே என்று ஒரே ஒரு முறை கேட்டதற்கு, "எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குண்ணே" என்றான். நாலு வருடம் முன்பு, அண்ணன் வாடகைக்கு இருந்த கட்டடத்திலேயே மூன்றாம் மாடியில் தம்பி ஒரு வீட்டை விலைக்கு வாங்கியபோது, கடைக்காரர்தான் முதல் ஆளாகப் போய்ச் சுவர்களைத் தட்டிப் பார்த்து, "நல்லா கட்டியிருக்காங்கடா" என்று பூரித்துப்போனார்.

சீல் வைக்க வந்தவர் வரி அலுவலகத்து அதிகாரி அம்மாள் ஒருவர். உடன் வந்த இரண்டு பேர் மஞ்சள் பட்டையைக் கதவின் குறுக்கே ஒட்டினார்கள். இயந்திரங்கள், மேசை, கல்லாப்பெட்டி, சுவர்க்கடிகாரம் வரை எழுதிக்கொண்டார்கள். வங்கிக் கணக்கு முடங்கியது. விசா புதுப்பிப்பும் நின்றது. துவைத்து மாட்டிய நூற்று நாற்பது பேர் துணிகள் உள்ளே மாட்டிக்கொண்டதால், ஒரு பேருந்து ஓட்டுநர் சீருடை இல்லாமல் ஒரு வாரம் விடுப்பு எடுத்தார். அதிகாரி அம்மாள் நீளமாக எட்டு வாக்கியம் பேசினால் தம்பி ஒன்றைத்தான் தமிழில் சொன்னான். "என்னடா சொல்றாங்க?" "சின்னக் குழப்பம்ணே. ஒரு வாரத்துல தெறந்துடுவாங்க. நீங்க ஒண்ணும் பேசாதீங்க, நான் பாத்துக்கறேன்." கடைக்காரர் அந்த அம்மாளைப் பார்த்துச் சிரித்து, தலையையும் ஆட்டிவைத்தார்.

கையெழுத்துகள் சிக்னல்களில் நின்று நின்று நடந்ததால், வீடு வந்து சேர மணி இரண்டாகிவிட்டது. முதல் மாடி வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவிதான் முதலில் பார்த்தாள். "ஏங்க, இங்க வந்து பாருங்க. உங்க பேரு நடந்து வருது." அவர் வந்து குனிந்தார். முன்னால் வந்த பதினொன்று அவர் கால் வழியாக ஏறி வலது மணிக்கட்டில் வந்து படுத்துக்கொண்டன. மற்றவற்றுக்காகவும் கையை நீட்டியபடியே நின்றார். அவை நிற்கவில்லை. அதே பெயர், அதே சுழி, ஆனால் அவரைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் பக்கத்தில் போய் மேல்படி ஏறின. கையெழுத்து தன்னை எழுதின கையைத் தேடித்தான் போகும் என்பது அதுவரை அந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

அவரும் பின்னாலேயே ஏறினார். தம்பி சாப்பாட்டு மேசை முன் நின்று, கையில் ஏறிய கையெழுத்துகளை உதறிக்கொண்டிருந்தான். உதறியவை எதிர்ச் சுவரில் ஏறி வரிசையாக உட்கார்ந்துகொண்டன.

"எத்தனை நாளாடா?" என்றார்.

"வரியை மொத்தமாக் கட்டிடலாம்னுதான் இருந்தேன்ணே. வீட்டுக்கு முன்பணம் பத்தல..."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமேடா."

"கேட்டா குடுத்துடுவீங்க. ஒவ்வொண்ணுக்கும் உங்ககிட்டயே வந்து நிக்க வெக்கமா இருந்துச்சு."

"இதுக்கு வெக்கமா இல்லையா தம்பி?" என்று வாசலிலிருந்து மனைவி கேட்டாள்.

தம்பி அண்ணன் பக்கம் திரும்பினான். "அந்த அம்மா எப்படியும் தேடி வருவாங்க. எல்லாம் உங்க கையெழுத்துதான்னு சொல்லிடுங்கண்ணே. இல்லேன்னா எங்களை இந்த நாட்டுல இருக்க விடமாட்டாங்க" என்றான். கடைக்காரர் இறங்கி வந்தார். அடுத்த மூன்று நாளும் பணம்கூட அவ்வளவாக உறுத்தவில்லை. ஒண்ணும் பேசாதீங்க என்றானே, அந்த ஒரு சொல்தான் மறுபடி மறுபடி வந்து நின்றது. அந்த அம்மாளைப் பார்த்துச் சிரித்தது நினைவுக்கு வரும்போதெல்லாம் எழுந்து முகம் கழுவினார்.

கையெழுத்தில்லாத கோப்பை அலமாரியில் வைக்கக் கூடாது என்பது விதி என்பதால் நாலாம் நாள் அதிகாரி அம்மாள் வந்தார். மணிக்கட்டைப் பார்த்தார், மேலே போய்ச் சுவரைப் பார்த்தார், எண்ணிக் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். தம்பி வழக்கம்போல இடையில் வந்து மொழிபெயர்க்கத் தொடங்கினான். கடைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். இலக்கணமெல்லாம் தப்பாக, அந்த ஊர்ப் பேச்சிலேயே சொன்னார்: "பெயர் என்னுது. கை என்னுது இல்லை. தம்பி கை." இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லச் சொல்லி அம்மாள் எழுதிக்கொண்டார்.

உத்தரவு வரப் பதினாலு மாதம் ஆயிற்று. கடை அவர் பெயரில் என்பதால் வரி வரிதான், ஆனால் அதை முதலில் தம்பியின் வீட்டை விற்று எடுத்துக்கொள்ள வேண்டும், அபராதம் இல்லை, விசா உண்டு. அதற்குள் இயந்திரங்கள் ஏலத்தில் போய்விட்டன. அவற்றைத் திருப்பித் தர இயலாது என்று தனிக் கடிதம் வந்தது. அதை அவரே அகராதி வைத்துப் படித்தார். பழைய ஓட்டலின் அடித்தளத்தில் மறுபடி விரிப்பு துவைக்கப் போனார்.

தம்பி குடும்பம் ஒரு புதன்கிழமை காலை நாட்டை விட்டுக் கிளம்பியது. மூன்றாம் மாடிக் கதவில் மஞ்சள் பட்டை ஒட்டும் சத்தமும், பெட்டிகள் படிப்படியாக இடித்துக்கொண்டு இறங்கும் சத்தமும் கேட்டன. முதல் மாடியில் அவை ஒரு நிமிடம் நின்றன. "கதவைத் தெறக்கட்டுமா?" என்றாள் மனைவி. "வேண்டாம்" என்றார். பெட்டிகள் மறுபடி இறங்கின.

அரை மணி கழித்துக் கையெழுத்துகள் சுவரை விட்டு இறங்கி, மஞ்சள் பட்டைக்கு அடியில் நுழைந்து தெருவுக்கு வந்து, விமான நிலையச் சாலையில் திரும்பின. போக்குவரத்துக் காவலர் நான்கு நிமிடம் வண்டிகளை நிறுத்திவைத்தார். கடைக்காரர் ஜன்னலில் நின்று, தன் பெயர் இருநூற்றுப் பதினெட்டு முறை தம்பியின் பின்னால் போவதைக் கடைசி ஒன்று மறையும் வரை பார்த்தார். பிறகு வேலைக்குக் கிளம்பினார். பேருந்து அன்று நான்கு நிமிடம் தாமதமாக வந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.