ஸ்பீக்கர் சோதிக்கிற பாட்டு

கல்யாணங்களில் நாங்கள் வயலின் வாசிப்பதில்லை, வாசிப்பதுபோல் செய்வோம். பெய்ரூட்டுக்கு மேலே மலையிலிருக்கும் மண்டபங்களில், மேடை நிறைய வயலின் இருந்தால்தான் பெண் வீட்டாருக்குக் கௌரவம். இசை ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டு ஸ்பீக்கரில் ஓடும். நாங்கள் கறுப்பு உடையில் வரிசையாக உட்கார்ந்து வில்லை இழுப்போம். வில்லின் இழைக்கு ரோசின் என்கிற பிசினைத் தடவ மாட்டோம். ரோசின் இல்லாத வில் தந்தியின் மேல் சத்தமில்லாமல் வழுக்கும்.

என் பக்கத்து நாற்காலி சிர்வார்டுக்கு. அன்று மாலையும் அவள் உதட்டை அசைக்காமல் சொன்னாள்: "ரொம்ப உருகாதடி யுஸ்ரா. கேமரா உன் பக்கம் வர்றப்ப மட்டும் கண்ண மூடிக்கோ, போதும்."

நான் பாட்டு எழுதிப் பாடுகிறவள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்த மிகச் சிலரில் ஒருத்தி. ஒரே ஒரு ஆல்பம் போட்டேன். ஏழு பாட்டு, பின்னணியில் நிஜமான இசைக்குழு, ரோசின் தடவிய வில்கள். அதைப் பற்றி எழுதிய ஒரே பத்திரிகைக்காரர், முதல் பாட்டில் குரல் வருவதற்குள் தன் காபி ஆறிவிட்டதாக எழுதினார். விற்காத இசைத்தட்டுகள் பெட்டி பெட்டியாக என் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. எனக்குப் புகழெல்லாம் வேண்டாம் என்று சொன்னால் பொய். ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று வேண்டியிருந்தது. உறவோ நட்போ இல்லாத யாராவது ஒருவர், அதில் ஒரு வரியைத் தானாக முணுமுணுக்க வேண்டும். அப்படி ஒருவர் இருக்கிறார் என்று தெரியாமல் எனக்கு எட்டாவது பாட்டு எழுத வரவில்லை. கோடை முடிந்ததும் பெட்டிகளைக் குப்பையில் போட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். தீர்மானித்த பிறகு மனம் லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

சூரியன் கீழே கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. மணப்பெண் லமீஸ் பாவாடையை இரண்டு கைகளாலும் அள்ளிப் பிடித்தபடி மேடைப் படிகளின் அடியில் நின்றாள். மாப்பிள்ளை மேலே. மேளக்காரர்கள் முடித்தார்கள், பெண்கள் குலவையிட்டார்கள், கரண்ட் போனது.

இங்கே தினமும் நடப்பதுதான்; யாரும் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. ஜெனரேட்டர் உறுமி எழுந்தது. ஒலி அமைப்பைப் பார்க்கும் ரிஸ்கல்லா, அணைந்து மறுபடி விழித்த தன் கணினியில், பதற்றத்தில், முதலில் கண்ணில் பட்டதைத் தட்டிவிட்டார்.

முதலில் செல்லோக்களின் கனத்த தந்தி நாதம். பிறகு வயலின்கள், ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல். என் கை தானாக நகர்ந்தது. அந்தச் சுர வரிசை அதற்குத் தெரிந்திருந்தது.

"இது உன்னோடதுல்ல?" என்றாள் சிர்வார்ட்.

ரிஸ்கல்லா தலையில் கைவைத்து நிற்பது தெரிந்தது. அவர் பிறகு சொல்லித்தான் எனக்கு விஷயம் புரிந்தது. என் ஆல்பத்தில் அடித்தொண்டை உறுமலிலிருந்து ஊசி முனைச் சத்தம்வரை எல்லாம் இருக்கிறதாம். ஒரு மண்டபத்தில் அது சரியாகக் கேட்டால் வேறு எந்த இசையும் சரியாகக் கேட்குமாம். நாங்கள் வருவதற்கு முன், பரிமாறுபவர்கள் மேஜை விரிப்பு போடும் நேரத்தில், இந்த மலையிலுள்ள ஒலிக்காரர்கள் எல்லோரும் அதைப் போட்டுத்தான் ஸ்பீக்கரைச் சோதிக்கிறார்கள்.

ஆனால் அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. பெண்ணின் தாயார் முகம் சுருங்குவதை மட்டும் பார்த்தேன். ரிஸ்கல்லாவின் விரல் நிறுத்தப் போனது. என்னைப் பார்த்தார். நான் வில்லை இழுத்துக்கொண்டே வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததென்று இன்றும் யோசிக்கிறேன். கண்டிப்பாக என்னிடமிருந்து இல்லை.

என் குரல் வந்தது. லிஃப்ட் நின்றுபோன கட்டடத்தில், மேல்மாடியிலிருந்து ஒருத்தி தன் காதலனைக் கூப்பிடும் பாட்டு அது. 'கரண்டுக்குக் காத்திருக்காதே, படியேறி வா.'

லமீஸ் படிகளைப் பார்த்தாள். மேலே மாப்பிள்ளையைப் பார்த்தாள். சிரித்துவிட்டு, செருப்புகளைக் கழற்றித் தோழியிடம் எறிந்து, ஏறத் தொடங்கினாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஏற்பாட்டாளர்கள் உற்சாகத்தில் புகை, நீரூற்று, வண்ண விளக்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முடுக்க, ஜெனரேட்டரும் படுத்துவிட்டது.

என் குரல் பாதி வரியில் அறுந்தது. எங்கள் வில்கள் ஊமையாக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன. சபை முழுக்க அதைப் பார்த்தது. பெண் நடுப்படியில் நின்றாள்.

அப்போது சுவரோரமாக ஒரு ஆண் குரல், கொஞ்சம் சுருதி விலகி, "படியேறி வா" என்றது. தட்டோடு நின்ற ஒரு பரிமாறுபவர். அவருக்கு அடுத்தவர் சேர்ந்துகொண்டார். பிறகு சமையலறை வாசலில் நின்ற கூட்டம். வரி வரியாக, நான் மூச்செடுத்த இடத்தில் மூச்செடுத்து, எல்லோரும் பாடினார்கள்.

நான் எழுந்தது எனக்குத் தெரியாது. மைக் இல்லை. வாயைத் திறந்து அவர்களோடு பாடினேன். சிர்வார்ட் வயலின் பெட்டியிலிருந்து ரோசின் கட்டியை எடுத்து வில்லில் தேய்த்துவிட்டு, அதை மிட்டாய்போல வரிசையில் அனுப்பினாள். ஒவ்வொரு வயலினாக உயிர் வந்தது. சில அபஸ்வரத்தோடுதான். நாங்கள் நிஜமாக வாசித்து நாளாகியிருந்தது. லமீஸ் மீதிப் படிகளை ஓடியே ஏறினாள். அவளுடைய தாயார்தான் எல்லோரையும்விட நீளமாகக் குலவையிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் அந்த முதல் குரல்காரர், ஹைஸம் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தவர், கிப்பே என்கிற இறைச்சி உருண்டைகள் அடுக்கிய தட்டை என்னிடம் நீட்டினார்.

"நல்லாத்தான் பாடினீங்க மேடம்," என்றார். "தப்பா நினைக்காதீங்க, ஆனா ஒரிஜினல் பொண்ணு மாதிரி வரல."

சிர்வார்டுக்குப் புரையேறியது. நான் அவள் காலை மிதித்தேன்.

"அந்தப் பொண்ணு யாரு?"

"யாருக்குத் தெரியும். ஆனா இதைவிட ரெண்டாவது பாட்டுதான் பிரமாதம். என்ன, ஸ்பீக்கர் தகராறு பண்ணினாத்தான் அதுவரைக்கும் போவாங்க. மீதிப் பாட்டையும் கேக்கணும்னு ஆசை. கடை கடையா தேடிட்டேன், கிடைக்கல."

வாய் நிறைய கிப்பே. அதை மென்று விழுங்கினேன். அவர் பொறுமையாக நின்றார்.

"எனக்கு ஒரு இடம் தெரியும்," என்றேன்.