கொள்ளிவாயின் புது ஆல்பம்

கொள்ளிவாய் குழுவின் புது ஆல்பம் வெள்ளிக்கிழமை காலையில் வெளியானது. ஹம்சவேணி ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, மதுரை ஆனையூர் வீட்டு மொட்டை மாடியில் ஹெட்போனோடு உட்கார்ந்தாள். காலேஜ் நாளிலிருந்தே அந்தச் சென்னை மெட்டல் இசைக்குழு என்றால் அவளுக்கு உயிர். அவனியாபுரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாண்டிராஜும் அப்படித்தான். இரண்டு பேரும் சேர்ந்து ‘தகர டப்பா’ என்று ஒரு இணையப் பக்கம் நடத்தினார்கள். அவள் விமர்சனம் எழுதுவாள். சண்டைக்கு வருகிறவர்களை அவன் பார்த்துக்கொள்வான்.

முதல் பாட்டு மழைச் சத்தத்தோடு ஆரம்பித்தது. போன ஆல்பத்திலும் மழைதான், அதற்கு முந்தியதிலும் மழைதான். மதுரையை ஏமாற்றிய மழையெல்லாம் இவனுங்க ஸ்டுடியோவில் போய்ப் பெய்கிறது போல. இப்ப கோயில் மணி அடிக்கும் என்று நினைத்தாள். அடித்தது. இப்ப கிடார் உறுமும். உறுமியது. பிறகு பாடகர் விஜய்ஆனந்த், தொண்டையில் மீன்முள் மாட்டியவர் மாதிரி, பிணம், சாம்பல், இருட்டு என்று கத்தினார். போன மாதம்தான் பட்டு வேட்டி கட்டி, மகளுக்குக் காதுகுத்து நடத்திப் போட்டோ போட்டிருந்தார் மனுஷன். இன்னும் என்ன சுடுகாடு?

பாட்டை ஓடவிட்டு, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, கொடியில் கிடந்த துணிகளைத் திருப்பிப் போட்டாள். திரும்ப வந்து மாட்டியபோது எதையும் தவறவிட்ட மாதிரித் தெரியவில்லை.

பாண்டிராஜ் போன் பண்ணினான். “அக்கா, கேட்டீங்களா? பட்டறையே அதிருது. விமர்சனம் எப்பக்கா?”

“எழுத என்னடா இருக்கு? பழைய கஞ்சியச் சூடு பண்ணி ஊத்தியிருக்கானுங்க.”

“எனக்குப் புடிச்சிருக்குக்கா.”

“உனக்கு கிரைண்டர் சத்தமே பாட்டுத்தான்.”

போனை வைத்ததும் அவளுக்கு ஒரு குறும்பு தோன்றியது. போன ஆல்பத்துக்கு எழுதிய விமர்சனத்தையே எடுத்தாள். ஆல்பத்தின் பேரையும் பாட்டுகளின் பேரையும் மாற்றினாள். மற்றபடி ‘மண்டையைப் பிளக்கும் கிடார்’ உட்பட ஒரு எழுத்தையும் தொடவில்லை. எவனாவது கண்டுபிடிக்கட்டும் என்று இணையப் பக்கத்தில் போட்டாள்.

ஒருத்தனும் கண்டுபிடிக்கவில்லை. அருமை, ஆழம் என்று வரிசையாக வந்து புகழ்ந்துவிட்டுப் போனார்கள். மதியத்துக்கு மேல் விஜய்ஆனந்தே அதைப் பகிர்ந்தார். ‘நாங்கள் எவ்வளவு மாறியிருக்கிறோம் என்று புரிந்துகொண்ட ஒரே ஆள் நீங்கள்தான்’ என்று மேலே எழுதியிருந்தார்.

ஹம்சவேணிக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இதை நேரில் சொன்னால்தான் ருசி என்று அவனியாபுரத்துக்கு வண்டியை விட்டாள்.

கொள்ளிவாய் பனியன் போட்டுக்கொண்டு பாண்டிராஜ் ஒரு இரும்புக் கேட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான்.

“தெரியும்க்கா. ரெண்டாவது வரியிலயே தெரிஞ்சிருச்சு.”

“அப்புறம் ஏண்டா சொல்லல?”

“என்னத்தச் சொல்ல? நீங்க எப்பவும் அப்படித்தானக்கா எழுதுவீங்க. அதுக்கு முந்துன ஆல்பத்துக்கும் இதே மண்டையத்தான் பிளந்தீங்க. எனக்கு அதுவும் புடிக்கும்.”

அவன் குத்திக்காட்டவில்லை. அதுதான் அவளுக்கு உறைத்தது. ஸ்டூலில் உட்கார்ந்து பழைய விமர்சனங்களைப் போனில் ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாவற்றிலும் மண்டை பிளந்துதான் கிடந்தது. இத்தனை வருஷமும் இந்த லட்சணத்தில் எழுதிவிட்டு, இவள் அவனுங்களைச் சொல்ல வந்துவிட்டாள்.

அங்கேயே உட்கார்ந்து விமர்சனத்துக்குக் கீழே எழுதினாள்: ‘இது போன ஆல்பத்துக்கு எழுதியது. பேரை மட்டும் மாற்றினேன். கொள்ளிவாயும் அதைத்தான் செய்திருக்கிறது. சரக்கு தீர்ந்தது அவர்களுக்கு மட்டுமில்லை.’

பாண்டிராஜ் வாங்கிவந்த டீ ஆறுவதற்குள் விஜய்ஆனந்த் அவளை பிளாக் பண்ணிவிட்டார். பொம்பளைக்கு மெட்டல் பற்றி என்ன தெரியும் என்று நாலு பேர் கிளம்பினார்கள். பாண்டிராஜ் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனில் அவர்களோடு மல்லுக்கு நின்றான்.

“உனக்குத்தான் ஆல்பம் புடிச்சிருக்கே, நீ ஏண்டா சண்ட போடுற?”

“அது வேறக்கா,” என்றான் நிமிராமலே. “அடுத்த மாசம் கொள்ளிவாய் கச்சேரிக்கு மதுரைக்கு வாராங்களாம். உங்களுக்கும் டிக்கெட் போடவா?”

“உனக்கு மட்டும் போடு.”

“சரிக்கா,” என்றான். அவள் டீயைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தாள்.