நாற்காலிக்கு முன்னால் ஒரு பாய்

அந்த வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது என்பதே எதிர்வீட்டுக்காரிக்கு வெகுநாள் தெரியாது. தெரிந்த அன்று படிக்கட்டில் மறித்து நிறுத்தி, "நீங்க வளக்குறது குழந்தையா, பூனையா?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஐந்து வயது இன்னும் நிறையாத அந்தப் பெண், பூனை என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்த்தாள்.

அவளுடைய அப்பாவுக்கு ராத்திரி வேலை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில், துவைத்த படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு சூட்டு உருளைக்குள் கொடுக்கிற வேலை. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவனுக்கு வேறென்ன கிடைக்கும் என்று அவனே சொல்வான். வருத்தமாகச் சொல்ல மாட்டான். மணி கேட்டால் சொல்வதுபோலச் சொல்வான். மனைவிக்குப் பகல் வேலை, உடை தைக்கும் கம்பெனியில் சட்டைக் காலர். அவன் காலையில் உள்ளே நுழையும்போது அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை, இப்படி ஏதாவது சொல்லிவிட்டு இறங்கிப் போவாள். மாலையில் அவள் வந்ததும் அவன் கிளம்புவான். வாசல்படியில் நடந்ததுதான் அவர்கள் குடித்தனம்.

நடுவில் இருந்த பகலில் அவன் தூங்கினான். பூனை அந்தத் தூக்கத்தைச் சுற்றி வளர்ந்தாள். பாதத்தின் ஓரத்தால் நடப்பாள். தண்ணீர் குடித்த டம்ளரை மடித்த துணியின் மேல்தான் வைப்பாள். அழுகை வந்தால் அம்மாவின் பழைய சால்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுது முடித்துவிட்டு வருவாள். இதெல்லாம் அவளுடைய சுபாவம் என்றுதான் அவன் நினைத்தான். அம்மாவின் வாய் மகளுக்கு வராதது தன் அதிர்ஷ்டம் என்று சலவைக்கூடத்தில் கேலியும் பேசுவான்.

போன வருஷம் உருளை அவன் வலது கையைப் பிடித்தது. இரண்டு விரல்கள் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. இப்போது அவை மடங்குவதில்லை. பகல் ஷிப்ட் கேட்டுப் பார்த்தான். பகலில் மடித்து அடுக்குகிற வேலைதான் இருக்கிறது, அதற்கு விரல் வேண்டும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். விரலைத் தின்ற உருளைக்கு மட்டும் விரல் தேவைப்படவில்லை. திரும்ப அதன் முன்னாலேயே போய் நின்றான்.

பள்ளிக்கூடப் பேச்சை எடுத்தது மனைவிதான். அவள் கம்பெனியில் ஒருத்தியின் பையன் ஒரு பள்ளிக்குப் போகிறானாம். மணி அடிக்க மாட்டார்களாம், வீட்டுப்பாடம் கிடையாதாம். அலமாரியில் சாமான்கள் இருக்குமாம். குழந்தை தனக்கு வேண்டியதை எடுத்துத் தானே கண்டுபிடித்துக் கற்றுக்கொள்ளுமாம். அதைக் கேட்டதும் மைத்துனன் மூக்கை நுழைத்தான். ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்ப்பவன், டையும் ஷூவும் போட்ட குழந்தையே படிக்கிற குழந்தை என்பது அவன் கட்சி. "அதுவே கண்டுபிடிக்கணும்னா அங்க டீச்சருக்கு என்ன மாமா வேலை? வேடிக்கை பாக்கறதா?" என்றான்.

"நானும் படிக்கும்போது எனக்குப் பிடிச்சதைத்தான் செஞ்சேன்டா. அப்ப அதுக்குப் பேரு கட் அடிக்கிறது" என்று இவன் சொல்ல, இரண்டு ஆண்களும் சிரித்தார்கள்.

மனைவி சிரிக்கவில்லை. தம்பி கிளம்பிப் போகும்வரை பொறுத்திருந்து கேட்டாள். "இவளுக்கு என்ன பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவன் யோசித்தான். தெரியாதென்று தலையை அசைத்தான்.

"எனக்கும் தெரியாது. எதைக் கேட்டாலும் உனக்கு எது வேணுமோ அதுங்கறா. நாலு வயசுக் குழந்தை பேசற பேச்சா அது? பிடிச்சதை எடுத்துக்கோன்னு விட்டா ஒண்ணையாவது எடுக்கறாளான்னு நான் பாக்கணும்."

அவன் சரி என்றான். அவன் சரி சொன்னதற்கு வேறு காரணமும் இருந்தது. காலையில் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டால் மதியம்வரை கால் நீட்டித் தூங்கலாம். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

சேர்ப்பதற்கு முன் ஒரு காலைப்பொழுது குழந்தையை அழைத்துவரச் சொன்னார்கள். மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அவனே ஷிப்ட் முடிந்த கையோடு கூட்டிக்கொண்டு போனான். தூங்கி மானத்தை வாங்கிவிடாதீர்கள் என்று மனைவி படிக்கட்டு முழுக்கச் சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

பள்ளி ஒரு பழைய மரக்கிடங்கு. உள்ளே ஒரே நீளமான அறை, இடுப்பளவு அலமாரிகள், சுருட்டி நிறுத்திய சின்னச் சின்னப் பாய்கள். நரைத்த கிராப்பு வெட்டிய ஓர் அம்மாள் வந்தாள். பிள்ளைகள் அவளைப் பெரியக்கா என்றார்கள். அவள் பூனையிடம் ஒரே ஒரு சட்டம்தான் சொன்னாள். எதை எடுத்தாலும் பாய் விரித்து அதில் வைத்துச் செய்ய வேண்டும். விரித்த பாய்க்குள் இருப்பது விரித்தவருடைய வேலை. அதை யாரும் தொட மாட்டார்கள், மிதிக்க மாட்டார்கள், நடுவில் நிறுத்த மாட்டார்கள். டீச்சர்களும்தான். அவனிடம் சொன்னது அதைவிடக் குறைவு: கூப்பிடக் கூடாது, கையைக் காட்டக் கூடாது, சபாஷ் சொல்லக் கூடாது. மூலையில் ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டுப் போனாள்.

பூனை அறையின் நடுவில் நின்றாள். சுற்றிலும் பிள்ளைகள் கட்டையை அடுக்கினார்கள், சரித்தார்கள், மணிகளைத் தட்டினார்கள், தண்ணீரைக் குடுவைக்குக் குடுவை ஊற்றிச் சண்டை போட்டார்கள். அவள் எதையும் தொடவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். எடு, ஏதாவது ஒன்றை எடு என்று அவன் மனசுக்குள் சொன்னான். கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. ஒரு நிமிஷம் மூடித் திறக்கலாம் என்று மூடினான்.

கலவையான இரைச்சலால் எழும்புகிறவன் இல்லை அவன். சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவனை எழுப்புவது சத்தம் நிற்பதுதான்; நின்றால் எங்கோ ஏதோ சிக்கிக்கொண்டது என்று அர்த்தம். அப்படித்தான் திடுக்கிட்டு விழித்தான். அறை முழுக்க அமைதி. பிள்ளைகள் எல்லோரும் அங்கேயே இருந்தார்கள். கட்டையைக் கட்டைமேல் வைக்கும்போது சத்தம் வராமல் நடுவில் விரல் கொடுத்து வைத்தார்கள். ஒருவன் தண்ணீரைக் குடுவையின் ஓரத்தோடு ஒழுகவிட்டுக்கொண்டிருந்தான். டீச்சர் ஒருத்தி சுவரோரம் அசையாமல் நின்றாள்.

குனிந்து பார்த்தான். அவன் நாற்காலிக்கு முன்னால் ஒரு பாய் விரித்திருந்தது. அவனுடைய இரண்டு செருப்புக் கால்களும் அதற்கு நடுவில் இருந்தன. எப்படி நுழைத்தாளோ, அவனுக்குத் தெரியவில்லை. பாயின் ஓரத்தில், அவனுக்கு முதுகைக் காட்டி, அறையைப் பார்த்தபடி பூனை உட்கார்ந்திருந்தாள். மடியில் அலமாரியிலிருந்து எடுத்த மணி ஒன்று. அதன் நாக்கை விரல்களால் இறுக்கிப் பிடித்திருந்தாள். எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தாளோ, விரல் நுனிகள் சிவந்து கன்றியிருந்தன.

அவன் அசைந்ததும் அவள் எழுந்தாள். மணியைக் கொண்டுபோய் வைத்தாள். பாயைச் சுருட்டினாள். வேலை முடிந்துவிட்டது.

பெரியக்கா அவனை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். தூங்கிவிட்டதற்குத் திட்டப்போகிறாள் என்று நினைத்து அவன் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பூனை ஒவ்வொரு குழந்தையிடமும் போய்க் காதுக்குள் ஏதோ சொன்னாள், அதற்குப் பிறகுதான் அறை அடங்கியது என்றாள்.

"என்ன சொன்னா?"

"எங்க அப்பா தூங்கலேன்னா மெஷின் கையைப் பிடிச்சுக்கும்னு."

அவன் வலது கையைத் தன்னையறியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டதும், பகலில் தூக்கமில்லை, கண் அசந்துவிட்டது என்று இவன் சொன்னதும் நினைவுக்கு வந்தன. அப்போது பூனை மனைவியின் இடுப்பில் இருந்தாள். அதற்கு முந்தைய பகல் முழுக்கப் பூனை அடுக்களையில் உட்கார்ந்து பாத்திர மூடிகளைத் தட்டி விளையாடியிருந்தாள். அவன் இரண்டு முறை எழுந்து வந்து நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனான், கோபம்கூட இல்லாமல். அந்த மூடிச் சத்தத்தையும் வெந்த விரல்களையும் அவன் ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை. அவள் சேர்த்துவிட்டாள். இந்தப் பள்ளிக்கூடம் சொல்கிறபடி, தானாகவே கண்டுபிடித்திருந்தாள்.

"சேத்துக்குவீங்களா?" என்று கேட்டான்.

திங்கட்கிழமையிலிருந்து வரட்டும் என்றாள் பெரியக்கா. ஆனால் நீங்கள் உட்காரக் கூடாது, விட்டுவிட்டுப் போய்விட வேண்டும்.

திரும்பி வரும் வழியில் பூனை வழக்கம்போல மடங்காத விரல்களைத்தான் பிடித்துக்கொண்டு நடந்தாள். விரல் போனது உன்னால் இல்லை, அப்பா கவனக்குறைவாக இருந்தேன் என்று அவன் சொன்னான். அவள் தலையாட்டினாள். கடைக்குப் போகலாமா என்று கேட்டாலும் அதே மாதிரிதான் ஆட்டுவாள். கொஞ்ச தூரம் போனபின், "இன்னிக்குத் தூங்கினது போதுமாப்பா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை விட்டுவிட்டு வந்தான். வீடு காலியாக இருந்தது. எவ்வளவு நாளாக ஆசைப்பட்ட காலைப்பொழுது. படுத்தான். தூக்கம் வரவில்லை. எதிர்வீட்டில் தண்ணீர் ஊற்றுவது கேட்டது, தெருவில் வண்டிகள் கேட்டன. இந்தச் சத்தமெல்லாம் எப்போதும் இருந்ததுதான். கேட்காமல் தூங்கியிருக்கிறான், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு உயிர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காவல் இருந்தபோது வந்த தூக்கம், காவல் போனதும் போய்விட்டது. காது சும்மா அவளையே தேடிக்கொண்டிருந்தது.

மதியம் அழைக்கப் போனபோது பெரியக்கா சொன்னாள். பூனை இன்றும் பாயை எடுத்தாள். காலி நாற்காலிக்கு முன்னால் விரித்து உட்கார்ந்தாள்.

மறுநாளும் அப்படித்தான். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். அவன் பொறுமை இழந்து அந்த நாற்காலியைத் தூக்கிப் போடுங்கள் என்று சத்தம் போட்டான். குழந்தை விருப்பம், குழந்தை விருப்பம் என்கிறீர்களே, இது அவள் விரும்பியா செய்கிறாள் என்று கேட்டான்.

பெரியக்காவுக்கும் தூக்கம் கெட்டதுபோல முகம் இருந்தது. "நாற்காலியை எடுத்தா அவ பாயைத் தெருவுல கொண்டுபோய் விரிப்பா. நீங்க வீட்ல நல்லாத் தூங்கறீங்கன்னு அவ நம்பணும். அதுவரைக்கும் என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியலைங்க."

நம்ப வைப்பதுதான் தன் வேலை என்று அவன் எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து அழைக்கக் கிளம்புவதற்கு முன் வீட்டுக் கோரைப்பாயில் ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தில் கோடு விழும்வரை அழுத்திக்கொள்வான். தலைமுடியைக் கலைத்துக்கொள்வான். சிவந்த கண்ணில் குளிர்ந்த நீரை அடித்துக்கொள்வான். பள்ளி வாசலில் பூனை முதலில் அவன் கையைப் பார்ப்பாள், அப்புறம் கன்னத்தைப் பார்ப்பாள். அவன் குந்தி உட்கார்ந்து முகத்தைக் கொடுப்பான். அவள் கோடுகளை விரலால் தடவிப் பார்ப்பாள்.

"தூங்கினியா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி."

"கனவு வந்துச்சா?"

கனவும் சொன்னான். ஒட்டகம் ஒன்று சலவைக்கூடத்துக்கு வந்து தன் போர்வையை வெளுக்கப் போட்டதாக ஒரு நாள், அதற்கு ரசீது கேட்டதாக மறுநாள். தூங்காதவன் கட்டுகிற கனவுக்குக் குறைச்சல் இல்லை. நன்றாகத் தூங்கியவன் பிற்பகலில் அவள் முன்னால் படுக்கவும் முடியாது. ராத்திரியில் உருளைக்கு முன்னால் நிற்கும்போதுதான் தரை லேசாக ஆடியது. பக்கத்தில் நிற்பவன் இரண்டு முறை அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். வீட்டில் என்ன பிரச்சினை என்று கேட்டான். ஒன்றுமில்லை, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள் என்று இவன் சொன்னான்.

பிறகு ஒரு மதியம் பெரியக்கா வாசலுக்கே வந்து நின்றிருந்தாள். பூனை இன்று நாற்காலிப் பக்கம் போகவில்லை. பாயை ஜன்னலோரம் விரித்தாள். தண்ணீரை எடுத்து ஊற்றினாள், கொட்டினாள், சிரித்தாள், திரும்ப ஊற்றினாள். சட்டை முழுக்க நனைந்து, மாற்றுச் சட்டையும் நனைந்தது. பெரியக்கா இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். அவன் நல்லது என்றான். குந்தி உட்கார்ந்து கன்னத்தைக் கொடுத்தான். பூனை அதைத் தடவவில்லை. தண்ணீர் எப்படி மேலேயிருந்து விழுந்தது என்று இரண்டு கையாலும் காட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை மனைவி உள்ளே நுழைந்தபோது வீட்டில் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றாள். அடுக்களைத் தரையில் பூனை பாத்திர மூடிகளைப் பரப்பி வைத்துக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூடியும் ஒவ்வொரு மாதிரி கேட்கிறதாம். பெரியதிலிருந்து சிறியதற்குப் போய், பிடிக்காமல், இடம் மாற்றி வைத்து, மறுபடி தட்டினாள்.

"அவளுக்குப் பிடிச்சிருக்குங்க" என்றாள் மனைவி. கண் கலங்கியிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும்தான் ஆச்சு. முன்னயெல்லாம் புரண்டு புரண்டு படுப்பீங்க, இப்பதான் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறீங்களாமே. பூனை சொல்றா."

"ம்" என்றான்.

தினமும் அவன் கிளம்பும்போது பூனை கதவுவரை வந்து அவன் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விடுவாள். இன்று வரவில்லை. போயிட்டு வரேன் என்று அவன் சொன்னது மூடிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமல் கதவைச் சாத்தினான்.

படி இறங்கும்போது இன்னொரு படி இருக்கிறதென்று வைத்த கால் தரையில் மோதியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தலை நிலைக்கு வரும்வரை நின்றான். மேலே கரண்டி இப்போது சின்ன மூடிக்குப் போயிருந்தது. எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்து, என்ன இன்றைக்குப் பூனை இவ்வளவு ரகளை பண்ணுகிறது, நிறுத்தச் சொல்லக் கூடாதா என்று கேட்டாள்.

"தட்டட்டும்" என்றான். மடங்காத விரல்களைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தான்.