பாலம்மாவின் சாப்பாட்டு நேரம்

வலது கையில் ஒட்டியிருந்த சோற்றைக் கழுவக்கூட விடாமல் ஹபீல் பணிப்பெண் பாலம்மாவைக் கட்டிலருகே நிறுத்தி வைத்திருந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து மூச்சிரைக்கப் படியேறி வந்த தங்கை ரபீகாவின் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கைதான். அதன் பிறகுதான் வாப்பாவின் முகத்தை வெள்ளைத் துணி மூடியிருப்பதைக் கண்டாள்.

"சொல்லு, வாப்பாட மூச்சு நிக்கிற நேரம் நீ எங்க இருந்த?" என்று ஹபீல் கேட்டான்.

"பின்னுக்கு இருந்தேங்க சேர். சாப்பிட..."

"பாத்தியா ரபீகா? மனுஷன் மௌத்தாகிற நேரம் இவ தின்னுட்டு இருந்திருக்கிறா."

ரபீகா கட்டிலருகே போனாள். துணியை விலக்கினாள். வாப்பா பகல் தூக்கத்தில் இருப்பவர் போலக் கிடந்தார். தாடியில் கஞ்சியின் ஈரம் இன்னும் காயவில்லை. இதயம் தூக்கத்திலேயே நின்றுவிட்டது, பக்கத்தில் யார் இருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைக் கேட்டுக்கொள்ளும் நிலையில் ஹபீல் இல்லை. அம்பிட்டிய மேட்டில் இருந்த இந்தப் பராமரிப்பு இல்லத்தைத் தேடிப்பிடித்து வாப்பாவைக் கொண்டுவந்து விட்டவன் அவன்தான். கடைசியாக வந்து பார்த்துவிட்டுப் போனது எப்போது என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை.

வார்டில் எல்லாக் கட்டில்களிலும் கிழவர்கள் இருந்தார்கள். ஒருவர் தண்ணீர் கேட்டு முனகினார். இன்னொருவர் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார். பாலம்மாவின் கண்கள் தண்ணீர் கேட்டவர் பக்கம் போய்ப் போய்த் திரும்பின. நகரத்தான் முடியவில்லை.

மேனேஜர் சுந்தரலிங்கம் அவசரமாக உள்ளே வந்தார். இஸ்திரி குலையாத சட்டை. ஹபீலின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"சேர், நீங்க ஒண்ணும் யோசிக்க வேணாம். இந்தப் பொம்பளைய இன்னைக்கே வேலைய விட்டு நிப்பாட்டியாச்சு. இப்படி நடந்துக்கிறவங்கள நாங்க வச்சிருக்க மாட்டோம்."

ஹபீலின் தோள்கள் தளர்ந்தன. தேடிய ஒன்று கிடைத்துவிட்டது போல அவன் மூச்சு விட்டதை ரபீகா பார்த்தாள். அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, இவங்கட சாப்பாட்டு நேரம் எப்ப?"

"சாப்பாட்டு நேரமா டீச்சர்?" அவர் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "அப்படித் தனியா ஒண்ணும் இல்ல. நேரம் கெடைக்கிறப்போ சாப்பிட்டுக்குவாங்க."

"அந்த நேரம் வார்ட யாரு பார்ப்பாங்க?"

"வார்ட விட்டுப் போகக்கூடாதுன்னுதான் ரூல்."

"அப்ப இவங்க எந்த நேரத்தில சாப்பிடுறது?"

சுந்தரலிங்கம் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே கொடியில் வரிசையாகப் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன.

ரபீகா பாலம்மாவின் பக்கம் திரும்பினாள். "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"அது பரவால்லீங்க டீச்சர்."

"சொல்லுங்க."

"நேத்துப் பகல் சாப்பிட்டதுங்க. ராத்திரி முறைக்கு வர வேண்டிய புள்ள வரல. நீயே இருந்து பாத்துக்கன்னு ஐயா சொல்லிட்டாரு. காலையில ஒரு பிளேன்டீ குடிச்சேன்." அவள் சுந்தரலிங்கத்தைப் பார்க்காமல் பேசினாள். "ஹாஜியாருக்குக் கஞ்சி ஊட்டுறப்போ கை நடுங்கிப் போச்சுங்க. கரண்டி தாடியில இடிச்சு ஊத்திருச்சு. தொடைக்கப் போனேன். அவரு இடது கையால என் கையைத் தள்ளிட்டு, என் வயித்தக் காட்டினாரு. அப்புறம் கதவக் காட்டினாரு. நான் போகல. மறுபடியும் காட்டினாரு. கோவமா காட்டினாரு. அதுக்குப் பொறவுதாங்க போனேன். ரெண்டு வாய் வச்சிருப்பேன், பக்கத்துக் கட்டில் ஐயா சத்தம் போட்டாரு."

"பொய்," என்றான் ஹபீல். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

அது பொய்யில்லை என்பது இருவருக்கும் தெரியும். கடுகண்ணாவையில் வாப்பாவுக்குச் சாப்பாட்டுக் கடை இருந்தது. பகல் பஸ்கள் வந்து நிற்கும் முன்னே வேலையாட்கள் ஒவ்வொருவராகச் சாப்பிட்டு எழும்ப வேண்டும். சாப்பிடாத ஆளைப் பரிமாற விடமாட்டார். சமையற்காரர் சாப்பிடும்போது வாப்பாவே அகப்பையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நிற்பார். பக்கவாதத்தில் பேச்சு போய், ஒரு பக்கம் விழுந்த பிறகும் அதைச் சொல்ல ஒரு கை மிஞ்சியிருந்தது அவருக்கு.

"வாப்பாட மௌத்தக் காட்டி இவங்கள நிப்பாட்ட வேணாம்," என்றாள் ரபீகா. "ஆள் போடாதது நீங்க. ரெண்டு பேர்ட வேலைய ஒராள்கிட்ட வாங்கினதும் நீங்க. எங்கட வாப்பாட பேரச் சொல்லி இவங்கட வயித்துல அடிக்காதீங்க."

"டீச்சர், எனக்கும் மேல முதலாளி இருக்காரு. சேர் கம்ப்ளைன்ட் இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா..."

எல்லோரும் ஹபீலைப் பார்த்தார்கள். கீழே வாகனத்தின் ஹோர்ன் கேட்டது.

"வண்டி வந்திட்டு," என்றான் ஹபீல். "வாப்பாட மையித்த எடுப்பம்."

மேனேஜர் கேட்ட அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே படியிறங்கினான். பாலம்மா ஏப்ரனைக் கழற்றி, மடித்து, கதிரையின் மேல் வைத்தாள். பிறகு தண்ணீர் கேட்டவரிடம் போனாள்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கட்டுகஸ்தோட்டை வீட்டிலிருந்து வாப்பாவின் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போனார்கள். வீடு சட்டென்று பெரிதாகிவிட்டது. பெண்கள் முன்னறையில் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஹபீலின் மனைவி கைரியா, குசினிக்குள் இருந்த ரபீகாவை எட்டிப் பார்த்து, "மதினி, கேட்டடியில யாரோ பையோட நிக்கிறாங்க," என்றாள்.

பாலம்மா வாப்பாவின் சாமான்களைக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு சாரம், தொப்பி, கண்ணாடி, துணியில் சுற்றிய பல்செட்டு.

"அங்கன யாரும் எடுத்து வைக்கலீங்க. காணாமப் போயிரும்னு எடுத்துக்கிட்டு வந்தேன். குடுத்துட்டு ஊருக்குப் போக நான் புசல்லாவை பஸ்ஸப் புடிக்கணும்."

"உள்ளுக்கு வாங்க."

"வேணாங்க டீச்சர், சேர் கோவிப்பாரு."

ரபீகா அவளுடைய முழங்கையைப் பிடித்துக் குசினிக்குக் கூட்டிப்போனாள். பக்கத்து வீட்டார் அனுப்பிய சட்டிகள் மேசை நிறைய இருந்தன. சோறும் பருப்பும் கோழி ஆணமும் போட்டு முன்னால் வைத்தாள். பாலம்மா முதலில் அவசர அவசரமாக, வாசலைப் பார்த்துக்கொண்டே அள்ளிப் போட்டாள். யாரும் கூப்பிடவில்லை. மெல்ல மெல்ல அவள் கை நிதானத்துக்கு வந்தது. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவள், எதையோ சொல்ல வாயெடுத்து, அப்படியே சுவரில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள்.

அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து ஆண்கள் திரும்பினார்கள். ஹபீல் குசினி வாசலுக்கு வந்தான். கால்களில் செம்மண். தூங்குகிறவளைக் கண்டதும் முகம் இறுகியது.

"இவ ஏன் இங்க?"

"மெதுவாப் பேசுங்க நானா."

அந்த நேரம் மேசையிலிருந்த பாலம்மாவின் போன் அதிரத் தொடங்கியது. திரையில் 'மேனேஜர் ஐயா' என்றிருந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. பிறகு ஒரு செய்தி வந்து விழுந்தது: ராத்திரிக்கு ஆள் இல்லை, உடனே வா.

ஹபீல் அதை வாசித்தான். தங்கை வாசிப்பதையும் பார்த்தான்.

மூன்றாம் முறை அதிரத் தொடங்கியபோது ரபீகா போனை எடுத்தாள். அரிசி டின்னைத் திறந்து, அரிசிக்குள் ஆழப் புதைத்து, மூடியை அழுத்தினாள். உள்ளே அது கொஞ்ச நேரம் முனகிக்கொண்டிருந்தது. ஹபீல் வாசலில் நின்றபடியே, முன்னறைச் சத்தம் உள்ளே வராதபடி கதவை மெல்லச் சாத்தினான்.