நார்த்தாமலையில் கொம்பன் ஆந்தை

இலுப்பூரில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த அறிவியல் ஆசிரியை சுடர்விழி, பள்ளி இல்லாத சனிக்கிழமைகளில் கேமராவுடன் நார்த்தாமலை ஏறுவாள். அன்று விடியலில், பாறை இடுக்கில் குஞ்சோடு இருந்த கொம்பன் ஆந்தை முதன்முறையாகப் படத்தில் சிக்கியது. சந்தோஷம் தாங்காமல் துபாயிலிருக்கும் கணவன் சார்லஸை அழைத்தாள்.

"நைட் ஷிப்ட் முடிஞ்சு இப்பத்தான் படுத்தேன், சுடர். அனுப்பி வை, அப்புறமா பாக்குறேன்."

இறங்கும் வழியில் ஆடு மேய்த்த பெண் கேட்டாள்: "ஒத்தையிலயா வந்தீங்க டீச்சர்?"

"ஆமாங்க. இதக் கொஞ்சம் பாருங்களேன்."

"ஆத்தாடி, என்னா முழி முழிக்குது!" என்று சிரித்தவள், ஆடுகள் அங்கிட்டு நகரவும் பின்னாலேயே போய்விட்டாள்.

சுடர்விழி பஸ்ஸை விட்டுவிட்டு, வெயில் ஏறும்வரை படத்தையே பார்த்தபடி பாறையில் உட்கார்ந்திருந்தாள்.

அனுப்பிய படத்துக்கு, மாலையில் சார்லஸிடமிருந்து ஒரு கட்டைவிரல் எமோஜி மட்டும் வந்தது. அவள் தேர்வுத்தாள்களைத் திருத்த எடுத்தாள்.