தேறிவிட்ட பள்ளி

எங்கள் ஆரம்பப் பள்ளிக்குக் காலையில் பன்னும் பாலும் வந்துகொண்டிருந்தன. படிப்பில் பின்தங்கிய பள்ளிகளுக்கு மட்டும்தான் என்பது கல்வி அலுவலகத்து விதி. வயிறு நிறைந்ததும் பிள்ளைகள் தூங்கி வழிவதை விட்டுப் பாடத்தைக் கவனித்தார்கள். நானும் தொண்டை வறளக் கத்திப் பாடம் நடத்தினேன். அந்த ஆண்டு எல்லாரும் தேறினார்கள். அலுவலகம் என்னைப் பாராட்டிவிட்டு, கையோடு பன்னை நிறுத்தியது. தேறிவிட்ட பிள்ளைகளுக்குப் பசிக்காது போலிருக்கிறது.

நேரில் போய்க் கேட்டேன். அதிகாரி சிரித்தார்.

"நல்ல சேதிதானே டீச்சர்? இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்களே!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐந்தாம் வகுப்பில் வாயாடி என்று எல்லாரும் கூப்பிடும் பெண் ஒருத்தி இருந்தாள். கணக்கில் புலி. அம்மா ஆஸ்பத்திரியில் துணி துவைப்பவள், விடியுமுன் வேலைக்குப் போய்விடுவாள். வாயாடியின் தங்கை முதல் வகுப்பு. பன் நின்ற பிறகு ஒருநாள் காலை அந்தச் சின்னது வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்தது. தூக்கி வந்த வாயாடி கேட்டாள்:

"டீச்சர், நாங்கல்லாம் ஃபெயிலானா மறுபடி பன் தருவாங்களா?"

"உளறாதடி. நீ நல்ல மார்க் வாங்கினா பெரிய ஸ்கூல்ல இலவசமா சீட்டு. ஹாஸ்டல்ல மூணு வேளையும் சாப்பாடு."

"எனக்கு மட்டுந்தானே டீச்சர்?"

ஆண்டுத் தேர்வுத் தாள்களை வெளியூரில் திருத்தி அனுப்பினார்கள். ஐந்தாம் வகுப்பு மொத்தமும் ஃபெயில். வாயாடியின் கணக்குத் தாளை எடுத்துப் பார்த்தேன். எல்லா விடையிலும் சரியான எண்ணைவிட ஒன்று கூடுதலாக எழுதியிருந்தாள். ஒன்றில்கூடக் கை தவறவில்லை.

கூப்பிட்டுத் தோளைப் பிடித்து உலுக்கினேன். "நீயாவது சரியா எழுதித் தொலைச்சிருக்கலாமேடி, பாவி!"

"நான்தான் டீச்சர் எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினேன். நான் மட்டும் எப்படி எழுதுறது?"

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

பள்ளி திறந்ததும் பன் வந்தது. கூடவே அதிகாரியும் வந்தார். வாயாடியின் தங்கை பன்னைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்:

"போன தடவ ஏதோ குருட்டு அதிர்ஷ்டம். இதுங்களுக்கெல்லாம் எங்க டீச்சர் படிப்பு ஏறப்போகுது?"

ஃபெயிலான பெண்ணுக்கு இனி எதற்குப் பள்ளிக்கூடம் என்று அம்மா நிறுத்திவிட்டாள். அந்நேரம் வாயாடி ஆஸ்பத்திரியில் போர்வை பிழிந்துகொண்டிருந்தாள்.