கழிநாட்டின் எல்லைக்கோடு

ருத்ரோத்காரி வருடம், ஐப்பசி 12

நேற்று எழுதியதில் ஒரு பிழை. வாடை வீசியது என்று எழுதியிருக்கிறேன். வீசியது கொண்டல், கீழ்க்காற்று. திசை பார்க்காமல் எழுதியிருக்கிறேன். நாடு வரையக் கிளம்பியவனுக்கு இது அழகல்ல.

ஹென்றிக் துரை வீட்டில் விளக்கு வைத்தபின் நடக்கும் வகுப்பில் இன்று எங்கள் படங்களைக் கொடுத்தோம். துரை கோட்டையிலுள்ள கும்பினியைச் சேர்ந்தவரல்ல, சொந்த வியாபாரி. இல்லாத நாடுகளின் வரைபடங்களை எழுதவைத்து, தம் தேசத்துப் பணக்காரர்கள் சுவரில் மாட்டிக்கொள்ள அனுப்புகிறார். இருக்கிற நாடுகள் அவர்களுக்குப் போதவில்லை போலும். அவர் பேச்சை மொழிமாற்றிச் சொல்லும் துபாஷி தானியேல் ஐயாதான் எங்களுக்குப் பாடம் நடத்துகிறார். ஒவ்வொருவனும் ஒரு நாட்டைக் கற்பனை செய்து, அதன் மலை, ஆறு, கடல், ஊர்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைய வேண்டும். தேறுகிறவனுக்குத் துரை வீட்டுப் பட அறையில் சம்பளத்தோடு இடம்.

அந்த இடம் எனக்கு வேண்டும். காரணத்தை இங்கேயாவது எழுதலாம். தோணி அசைந்தால் எனக்குக் குமட்டும். பசியாவரத்து மீனவர் குப்பத்தில் பிறந்தவன் இதை வெளியே சொல்ல முடியாது. என்னைப் பெற்ற நைனாவுக்குத் தோள் போய்விட்டது, இனி அவரால் தனியாக வலை இழுக்க ஆகாது. சம்பளம் வந்தால் அவருக்குத் துணையாக ஓர் ஆள் வைக்கலாம். வராவிட்டால் அந்த ஆள் நான்தான்.

எனக்குப் போட்டி ஆதிநாராயணன் ஒருவனே. அனுப்பம்பட்டில் நெல் விளைவிக்கும் வீட்டுப் பிள்ளை. அவன் நாட்டின் பெயர் சுவர்ணகிரி. ஏழு பொன்மலைகள், தட்டில் அடுக்கிய கொழுக்கட்டை போல எல்லாம் ஒரே அளவு. மேற்குக் கடலில் பிறக்கிற ஓர் ஆறு, நேர்த்திக்கடன் வைத்தது போல மூன்றாவது மலை மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிக் கிழக்குக் கடலில் விழுகிறது. தலைநகரம் செங்குத்தான பாறை உச்சியில் இருக்கிறது. அங்கே கிணறு இல்லை, குளம் இல்லை. லட்சம் பேர் அரசனின் புகழைக் குடித்து வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். கடலுக்குள் ஒரு பாம்பு நெருப்பைக் கக்குகிறது. நாடு முழுவதும் தேடினேன், ஒரு பிடி சேறு இல்லை. சேறு இல்லாமல் நெல் ஏது என்று அவனுக்குமா தெரியாது?

கேட்டேன். "ஏன்டா, ஆறு எப்படிடா மலை ஏறுது?"

"அது மந்திர ஆறு."

"சரி, தண்ணி ஏறிடுச்சு. ஜனம் எப்படி ஏறும்?"

"நீ இன்னா, அங்க குடி போகப் போறியா? சொல்லு, ராஜாகிட்ட சொல்லி ஒரு மனை ஒதுக்கச் சொல்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள். பொறாமையில் குறை காண்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. படத்தை இன்னொரு முறை நிதானமாகப் பார்த்தேன். ஆறு அப்போதும் மலை ஏறிக்கொண்டுதான் இருந்தது.

என் நாட்டுக்குக் கழிநாடு என்று பெயர். நடுவே பெரிய உப்பங்கழி, கரையில் நான்கு ஊர்கள், கடலுக்குத் திறக்கும் ஒரு முகத்துவாரம். அது கோடையில் மணல் ஏறி அடைபடும், மழையில் உடைத்துக்கொள்ளும். இரண்டையும் இரண்டு மையில் காட்டியிருந்தேன். அதிசயம் எதுவும் இல்லாத நாட்டைத் துரை தொடமாட்டார் என்று தானியேல் ஐயா சொன்னதால், இருட்டில் விளக்குப் போல ஒளிரும் நண்டுகளையும், மழைக்காலத்தில் மட்டும் இடம் மாறுகிற ஒரு தீவையும் சேர்த்தேன்.

துரை நண்டுகளை விரலால் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். பிறகு தானியேல் ஐயாவிடம் ஏதோ கேட்டார்.

"தண்ணி யாருதுன்னு கேக்குறாரு."

"நாலு ஊருக்கும்தான் ஐயா."

"அப்ப எல்லைக்கோடு எங்க?"

"கோடு இல்லீங்க. பாடுதான். சீட்டு எடுத்து முறை போட்டுக்குவாங்க. இந்த இடத்துல இன்னைக்கு ஓர் ஊர் வலை போட்டா நாளைக்கு அடுத்த ஊர். நல்ல இடம், மட்டமான இடம், எல்லாம் எல்லாருக்கும் சுத்தி வரும்."

"அப்ப ராஜா இன்னா பண்ணுவான்?"

"அவனும் சீட்டு எடுப்பான்."

தானியேல் ஐயா இதைத் தயங்கித் தயங்கி மாற்றிச் சொன்னார். துரை கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. நண்டுக்கு விளக்குப் போட முடிந்த எனக்கு, தண்ணீரில் கோடு போடலாம் என்று மட்டும் தோன்றவே இல்லை. எங்கள் ஊர் ஏரியிலும் பாடு முறைதான், அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"படம் நல்லாத்தான் இருக்காம். ஆனா எல்லை இல்லாத நாடு சுவர்ல நாடாத் தெரியாது, கறையாத்தான் தெரியுமாம். நாளைக்குச் சிவப்புக் கோடு போட்டு எடுத்துட்டு வா, இடம் உனக்கு. இல்லன்னா ஆதிநாராயணனுக்கு."

ஆறு எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாதவர் ஒருவர், நாடு எது என்று எனக்குச் சொல்கிறார்.

ஐப்பசி 13

முதலில் கரியால் போட்டுப் பார்த்தேன். வடக்கே இழுத்தால் நான்கு ஊர்களில் தெற்குமேட்டுக்கு இறால் இல்லை. தெற்கே இழுத்தால் மணல்துறைக்கு முகத்துவாரம் இல்லை. நடுவே இழுத்தால் நண்டுக்காக இரண்டு ஊர் அடித்துக்கொள்ளும். அழித்து அழித்துத் தாள் நைந்துவிட்டது.

அக்கா குணசுந்தரி வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். "இன்னாடா, காலையில இருந்து அந்தத் தாளையே மொறைச்சிட்டுக் கீற?"

"எங்க கோடு போட்டாலும் ஏதாவது ஓர் ஊரு பட்டினிக்கா."

"எந்த ஊரு?"

"தெற்குமேடு."

"அது எங்க கீது?"

"எங்கயும் இல்ல."

அரிவாள்மணையை விட்டு எழுந்தே வந்துவிட்டாள். "இல்லாத ஊர்க்காரன் இல்லாத இறாலைத் தின்னணும்னு, இருக்கிற நைனாவைத் தோளு ஒடிய வலை இழுக்கவிடுவ? உன் மூளையை எடுத்து நாய்க்குப் போட்டா மோந்து பாத்துட்டுப் போயிடும்டா. ஒரு கோடு! போட்டுட்டு வந்து சோறு தின்னு."

அவள் சொன்னதில் தவறு எங்கே என்று வெகுநேரம் யோசித்தேன். கிடைக்கவில்லை. ஆனாலும் கோடு போடாத தாளோடுதான் வகுப்புக்குப் போனேன்.

துரை தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை எடுத்துத் தாமே போட்டார். கழி முழுவதையும் வளைத்து வடக்கூரோடு சேர்த்து ஒரே இழுப்பு. வடக்கூர் மேல் ஒரு கிரீடம். மூன்று ஊர்கள் வெளியே நின்றன. ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. தூரிகையை என் கையில் கொடுத்தார்.

"உள்ள நீலம் பூசு," என்றார் தானியேல் ஐயா. "அவ்வளவுதான், இடம் உனக்கு."

"வெளிய இருக்கிற மூணு ஊரும் இன்னா தின்னும்னு கேளுங்க ஐயா."

அவர் கேட்கவில்லை. "ராஜவேலு, வாயை மூடிட்டுப் பூசுடா. கைக்கு வந்திருக்கு."

ஆதிநாராயணன் எட்டிப் பார்த்தான். "இன்னாத்துக்குக் கவலைப்படுற? விளக்கு நண்டைப் புடிச்சித் தின்னட்டும்."

"அதுவும் கோட்டுக்கு உள்ளதான் கீது."

தூரிகையை நீலத்தில் தோய்த்தேன். தோய்த்ததைத் தண்ணீரில் கழுவி, துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். படம் அவரிடமே இருக்கிறது. எவனாவது நீலம் பூசுவான். எவனோ ஒரு சீமான் அதைச் சாப்பாட்டு அறையில் மாட்டி, கிரீடத்தைக் காட்டி விருந்தாளிகளுக்குக் கதை சொல்வான். சொல்லட்டும், அவர்களுக்கு அந்த அளவு நாடு போதும்.

ஒன்று மட்டும் தெளிவாகவில்லை. மூன்று ஊர்களுக்காக மறுத்தேனா, ஆதிநாராயணன் சிரித்ததற்காக மறுத்தேனா? இரண்டாவதாக இருந்தால் நானும் பெரிய ஆள் இல்லை.

"கோடு போட்டியா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா."

திட்டுவாள் என்று நினைத்தேன். "நைனாகிட்ட நீயே சொல்லிக்கோ," என்று உள்ளே போய்விட்டாள்.

சொன்னேன். நைனா துரையைப் பற்றியோ நாட்டைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "தோணியில உக்காருவியா?" என்றார். எனக்குக் குமட்டும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"உக்காருவேன் நைனா."

நாளை ஏரியின் வடக்குத் துறையில் எங்கள் ஊர் முறை. விடியுமுன் நைனாவோடு தோணியில் போய், முதல் வலையை நான் இழுக்க வேண்டும்.